பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவே

தில்லியில் குளிர் விடைபெறத் தொடங்கும் நாட்களில் பார்க்கக் கிடைக்கும் நல்ல காட்சிகளில் ஒன்று, பழங்கால கார்களின் அணிவகுப்பு. ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் இதை 1964-ஆம் ஆண்டு தலைநகரில் தொடங்கியது. 1968 முதல் கல்கத்தாவிலும் நடத்தியது. கன்னாட் பிளேஸ், பாரகம்பா சாலை, இந்தியா கேட் என்று நாம் தினமும் பஸ்ஸிலும் மெட்ரோவிலும் கடந்துபோகும் இடங்களில், நம் தாத்தாக்களின் காலத்து வண்டிகள் வரிசையாக வந்து நிற்பதைக் காண்பது தனி அனுபவம். பல ஆண்டுகளாகத் தில்லியில் இருந்தும் இதைப் பார்க்காத குடும்பங்கள் நம் சங்கத்தில் நிறைய உண்டு. அவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

அடியேன் மெக்கானிகல் டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்து, லோகோ ஷெட்டுகளிலும் பணிமனைகளிலும் காலம் கழித்து ஓய்வு பெற்றவன். ஆகவே பளபளப்பைவிட உள்ளே ஓடுவதைத்தான் என் கண் முதலில் தேடும். அந்தக் கண்ணோடு பார்த்ததைச் சொல்கிறேன்.

காலையிலேயே போய்விடுங்கள்

வண்டிகள் கிளம்பிய பிறகு போனால் பாதி சுவாரஸ்யம் போய்விடும். கிளம்பும் முன், ஒவ்வொரு வண்டியாக உயிர் பெறுவதைப் பார்க்க வேண்டும். இன்று சாவியைத் திருப்பினால் அல்லது பொத்தானை அழுத்தினால் போதும். அன்று அப்படியில்லை. முன்பக்கம் ஓர் இரும்பு ஹாண்டிலைச் செருகிக் கையால் சுற்ற வேண்டும். ஸ்டீயரிங் பக்கத்தில் உள்ள சிறிய நெம்பால் தீப்பொறி விழும் நேரத்தை முதலில் தாமதப்படுத்தி வைக்க வேண்டும். மறந்தால் எஞ்சின் பின்னோக்கி உதைக்கும், மணிக்கட்டு முறியும். விஷயம் தெரிந்தவர்கள் ஹாண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்களுடன் ஒரே பக்கமாக வைத்துக்கொள்வார்கள். உதைத்தால் கை தானாக விடுபட வேண்டும் என்பதற்காக. 1912-ஆம் ஆண்டு காடிலாக் கார்களில் மின்சார ஸ்டார்ட்டர் வந்த பிறகுதான் இந்த ஆபத்து மெல்ல மறைந்தது.

ஃபோர்டு மாடல்-டி ஏதாவது வந்திருந்தால் அதன் அருகில் குழந்தைகளை நிறுத்திக் காட்டுங்கள். 1908 முதல் 1927 வரை 1 கோடியே 50 லட்சத்துக்கும் மேல் தயாரான வண்டி அது. அதிலும் மூன்று பெடல்கள் இருக்கும். ஆனால் நாம் பழகியவை அல்ல. இடது பெடல் கியருக்கு, நடுப் பெடல் ரிவர்ஸுக்கு, வலது பெடல் பிரேக்குக்கு. வேகத்தைக் கூட்டுவது காலால் அல்ல, ஸ்டீயரிங்கின் கீழே உள்ள நெம்பால். பெரும்பாலான மாடல்-டி வண்டிகளில் பெட்ரோல் டாங்க் இருக்கைக்கு அடியில் இருந்தது. பம்ப் கிடையாது, உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீரைப் போலப் பெட்ரோல் தானாக எஞ்சினுக்கு வர வேண்டும். செங்குத்தான மேட்டில் ஏறும்போது எஞ்சின் டாங்க்கைவிட உயர்ந்துவிட்டால் பெட்ரோல் வராது. அதனால் வண்டியைத் திருப்பி ரிவர்ஸிலேயே மேடேற்றினார்கள்! இதை ஒரு பள்ளிக்கூடப் பையனுக்குச் சொல்லிப் பாருங்கள். புவியீர்ப்பு விசையைப் பற்றிய பாடம் அவனுக்கு ஆயுளுக்கும் மறக்காது.

மகாராஜாக்களின் ரோல்ஸ் ராய்ஸ் வண்டிகளைச் சுற்றித்தான் கூட்டம் அதிகம் இருக்கும். இருக்கட்டும். அதற்குப் பக்கத்தில் பொம்மை போல நிற்கும் ஆஸ்டின் செவனையும் பாருங்கள். 1922-இல் அறிமுகமானது, எஞ்சின் கொள்ளளவு 747 சி.சி. மட்டுமே. மோட்டார் சைக்கிளும் பக்கத்தொட்டியும் வைத்திருந்த பிரிட்டிஷ் நடுத்தரக் குடும்பங்களைக் காருக்குள் உட்கார வைத்த வண்டி அதுதான்.

எங்கள் வீட்டுப் பிள்ளை

இந்த அணிவகுப்பில் எனக்கு உறவுக்காரர் ஒருவர் உண்டு. சாணக்கியபுரியில் உள்ள தேசிய ரயில் அருங்காட்சியகத்திலிருந்து வந்து பலமுறை கலந்துகொண்ட ஜான் மாரிஸ் தீயணைப்பு வண்டி. 1914-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஸால்ஃபோர்டில் தயாராகி, நிஜாம் அரசு ரயில்வேயில் வேலை செய்தது. டியூபும் காற்றும் இல்லாத கெட்டி ரப்பர் சக்கரங்கள். நூறு வயதைத் தாண்டிய அந்த வண்டி, லாரியில் ஏறி வராமல் தன் சொந்த எஞ்சினில் ஓடி வரும்போது ரயில்வேக்காரன் எவனுக்கும் நெஞ்சு நிமிரும்.

இப்படி ஒரு வண்டியை ஓட வைப்பது எளிதல்ல. கடையில் பேரிங் கிடைக்காது. வெள்ளை உலோகத்தை உருக்கி ஊற்றி, ஆறிய பின் சுரண்டிச் சுரண்டித் தண்டுக்குப் பொருந்த வைக்க வேண்டும். ஷெட்டில் நாங்கள் செய்த அதே வேலைதான். நீலச் சாயத்தைத் தண்டில் பூசிச் சுற்றிப் பார்த்து, எங்கே ஒட்டுகிறதோ அங்கே மட்டும் சுரண்டுவது என்பது புத்தகத்தில் வராத வித்தை. ஆகவே நீங்கள் போகும்போது காரின் சொந்தக்காரரிடம் மட்டும் பேசிவிட்டு வந்துவிடாதீர்கள். எண்ணெய்க் கறை படிந்த துணியோடு பானெட்டுக்குப் பின்னால் நிற்கும் மிஸ்திரியிடமும் இரண்டு வார்த்தை பேசுங்கள். பெரும்பாலும் அவருடைய அப்பாவும் அதே வேலை செய்தவராக இருப்பார். தனக்குப் பிறகு யார் என்று கேட்டால்தான் அவர் முகம் வாடும்.

நம்ம மாருதி எங்கே?

வரிசையில் நமக்குப் பழக்கமான முகங்களும் உண்டு. கல்கத்தா அருகே உத்தர்பாராவில் 2014 வரை தயாரான அம்பாஸடர், பம்பாய் குர்லாவின் ஃபியட், நம் சென்னையை அடுத்த தொழிற்சாலையில் 1961-இலிருந்து தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். ஹெரால்டின் பானெட் மட்கார்டுகளோடு சேர்ந்து முதலை வாய் திறப்பது போல முன்பக்கமாகத் திறக்கும். இவற்றில் 1970-களின் தொடக்கத்தில் பிறந்தவை இப்போது ஐம்பதைக் கடந்துவிட்டன.

என் பேரனை ஒருமுறை அழைத்துப் போயிருந்தேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "தாத்தா, ஆல்பத்துல அப்பா சின்னப் பையனா சாய்ஞ்சு நிக்கிறாரே, அந்த மாருதி ஏன் இங்க இல்ல?" என்று கேட்டான். "அதுக்கு இன்னும் வயசாகலப்பா" என்றேன். "வயசாகுற வரைக்கும் யாரு வச்சிருப்பாங்க?" என்றான். நியாயமான கேள்வி. அதற்கான பதில் சட்டத்தில் இருக்கிறது.

மத்திய அரசு 2021-ஆம் ஆண்டு பழங்கால வண்டிகளுக்கென்று தனி விதிகளை வெளியிட்டது. ஐம்பது வயது கடந்த, சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாத இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளை 'வின்டேஜ்' என்று பதிவு செய்துகொள்ளலாம். எண் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துக்கள் வரும். கட்டணம் ரூ.20,000, பத்து ஆண்டுகளுக்குச் செல்லும், புதுப்பிக்க ரூ.5,000. கண்காட்சி, அணிவகுப்பு, பழுதுபார்ப்பு, பெட்ரோல் நிரப்புவது போன்றவற்றுக்கு மட்டும் சாலையில் வரலாம். தினசரி உபயோகத்துக்கோ வாடகைக்கோ ஓட்டக் கூடாது. நல்ல விதி, வரவேற்க வேண்டியது.

மறுபக்கம், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014, 2015-ஆம் ஆண்டுகளில் இட்ட உத்தரவுகளும், 2018-இல் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையும் தில்லி வட்டாரத்தில் டீசல் வண்டிக்குப் பத்து ஆண்டு, பெட்ரோல் வண்டிக்குப் பதினைந்து ஆண்டு என்று எல்லை வகுத்தன. 2025-இல் பழைய வண்டிகளுக்குப் பெட்ரோல் போடக் கூடாது என்ற அறிவிப்பு வந்து, சில நாட்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றத்திலிருந்து மேலும் ஆணைகள் வந்தன.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பதினைந்தில் ஓய்வு, ஐம்பதில் மரியாதை. நடுவே 35 ஆண்டுகள் அந்த வண்டி எங்கே இருக்கும்? மாயாபுரி காயலான் கடைகளில்தான்! முதல் மாருதி 800 கார் 1983 டிசம்பர் 14 அன்று இதே தில்லியில் ஒரு குடும்பத்திடம் ஒப்படைக்கப்பட்டது. சாவியைக் கொடுத்தவர் பிரதமர் இந்திரா காந்தி. நாட்டின் நடுத்தர வர்க்கத்தைச் சாலையில் ஓட வைத்த அந்தக் காரே வின்டேஜ் தகுதி பெற 2033 வரை காத்திருக்க வேண்டும். அதன் சொந்தக்காரர் காலமான பின் கவனிப்பாரின்றி நின்று துருவேறிய அதைத் தயாரித்த நிறுவனமே முன்வந்து சீர்செய்து வைத்துக்கொண்டதால் அது பிழைத்தது. உங்கள் வீட்டு மாருதிக்கும் அப்பாவின் பஜாஜ் சேத்தக்குக்கும் அப்படி யார் வருவார்கள்?

இன்று நாம் வியந்து பார்க்கும் ஆஸ்டின் செவனும் ஒரு காலத்தில் வெறும் பழைய வண்டியாகத்தான் இருந்தது. அந்த மதிப்பில்லாத முப்பது நாற்பது ஆண்டுகளில் யாரோ ஒருவர் அதை விற்காமல் கொட்டகையில் வைத்திருந்தார். அந்த ஒருவர் இல்லாவிட்டால் இந்த அணிவகுப்பே இல்லை.

ரயில்வே காட்டிய வழி

"புகையைக் கக்கும் பழைய வண்டிகளுக்கு வக்காலத்தா?" என்று கேட்பீர்கள். இல்லை. நவம்பர் மாதத்தில் இருமும் பேரக் குழந்தை என் வீட்டிலும் இருக்கிறது. கார்புரேட்டர் எஞ்சின்கள் தினமும் அலுவலகத்துக்கு ஓடக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தினமும் ஓடுவது வேறு, ஆண்டுக்கு நாலைந்து நாள் ஓடுவது வேறு என்பதுதான் என் வாதம்.

நான் பணியில் சேர்ந்தபோது நீராவி எஞ்சின்களின் கடைசிக் காலம். 1995-இல் அகலப்பாதையில் அவற்றின் வழக்கமான ஓட்டம் முடிவுக்கு வந்தது. ஆயிரக்கணக்கில் கழித்துக் கட்டினோம். அது அவசியமாகவும் இருந்தது. ஆனால் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து ஒதுக்கி வைத்தோம். அவற்றுக்கென்றே தில்லியிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் ரேவாரி ஷெட் இருக்கிறது. 1855-இல் தயாரான ஃபேரி குவீன் எஞ்சின் 1997-இல் மீண்டும் ரயில் இழுத்தது. 2011-இல் திருடர்கள் அதன் பாகங்களைக் கழற்றிக்கொண்டு போனபோது, அதை மறுபடி ஓட வைத்தது நம் பெரம்பூர் லோகோ பணிமனை. மொத்தமாகக் கழிப்பதும், சிலவற்றைக் காப்பதும் ஒன்றுக்கொன்று விரோதமில்லை.

ஜெர்மனியில் 1997 முதல், முப்பது வயது நிரம்பி அசல் நிலையில் உள்ள வண்டிக்கு 'எச்' என்ற எழுத்துடன் தனி எண் பலகை தருகிறார்கள். நம் ஊரிலும் ஐம்பதை முப்பது என்று குறைத்து, ஆண்டுக்கு இத்தனை கிலோமீட்டர்தான் என்று வரம்பு வைத்தால், காற்றுக்கும் கேடில்லை, வண்டிக்கும் கேடில்லை.

நாம் செய்யக்கூடியது

வீட்டில் பழைய வண்டி இருந்தால் கபாடிக்காரரைக் கூப்பிடும் முன் ஒரு முறை யோசியுங்கள். ஆர்.சி. புத்தகம், வாங்கிய ரசீது, கையேடு, கம்பெனி தந்த டூல்கிட் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். பிற்காலத்தில் அசல் நிலையை நிரூபிக்க அவை உதவும். அலங்காரம் என்ற பெயரில் எஞ்சினையோ பாடியையோ மாற்றாதீர்கள். வேறு மாநிலத்தில் உறவினர் வீட்டில் இடம் இருந்தால், போக்குவரத்துத் துறையிடம் ஆட்சேபணையில்லாச் சான்று பெற்று அங்கே மாற்ற முடியுமா என்று கேளுங்கள். விதிகள் அடிக்கடி மாறுவதால் நேரில் விசாரிப்பதே உத்தமம்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது கோயம்புத்தூர் வழியாகப் போகிறவர்கள், அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தார் 2015-இல் திறந்த ஜீடீ கார் அருங்காட்சியகத்தையும் பார்த்து வரலாம். தில்லி அணிவகுப்புக்கான தேதி பத்திரிகைகளில் வரும். குழந்தைகளுக்குத் தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டிகளைத் தொடும் முன் கேட்கச் சொல்லுங்கள். மிஸ்திரிகளுக்கு ஹிந்தியும் பஞ்சாபியும்தான் தெரியும். நம் தில்லித் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதில் என்ன கஷ்டம்?