முன்னறிவிப்பும் உரிமையும்: பல்லேகமவை முன்னிறுத்திச் சில கருத்துக்கள்

மாத்தளை மாவட்டத்தின் கிழக்குப் புறத்தில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில் இருந்த பழைய பல்லேகம நகர் இன்று நீருக்கடியில் உள்ளது. 2018ஆம் ஆண்டில் களுகங்கை நீர்த்தேக்கம் நிரப்பப்பட்டபோது கடைவீதியும் வயல்களும் அதனுள் அமிழ்ந்தன. எனினும் அந்த வெள்ளத்தை எவரும் இயற்கை அனர்த்தம் என்று கூறுவதில்லை. நீர் எவ்வளவு உயரத்துக்கு ஏறும், எவருடைய காணி மூழ்கும் என்பன முன்னரே அளந்து குறிக்கப்பட்டிருந்தன. மக்கள் முன்கூட்டியே அகற்றப்பட்டனர். அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும் லக்கலையில் புதிய நகரொன்று எழுப்பப்பட்டது. மொரகஹகந்தை - களுகங்கைத் திட்டத்தின் வேர் 1968ஆம் ஆண்டின் மகாவலிப் பெருந்திட்டத்திற் கிடக்கின்றது. ஆகவே பல்லேகமவை மூடிய வெள்ளம் அரை நூற்றாண்டுக்கு முன்னரே வரையப்பட்ட வெள்ளமாகும்.

அந்தக் குடியகற்றத்தைப் போற்றுவது எமது நோக்கமன்று. பரம்பரையாக வாழ்ந்த மண்ணை இழப்பதன் துயரத்தை எந்த நட்டஈடும் ஈடுசெய்யாது. ஆயினும் அந்நிகழ்ச்சி ஓர் உண்மையைத் தெளிவாக்குகின்றது. வரப்போகும் நீரை முன்னறிந்து, அது வருமுன் பணமும் நிலமும் கூரையும் ஒதுக்கிவைக்கும் ஆற்றல் இந்நாட்டு அரசுக்கு உண்டு. வறள்வலயத்துக்கு நீர் கொணரும் தேவை அந்த ஆற்றலை இயங்கச் செய்தது. மழையாலும் வறட்சியாலும் மண்சரிவாலும் வரும் இழப்பு முன்னறியப்படும்போது அதே ஆற்றல் ஏன் இயங்குவதில்லை என்பதே இங்கு எழுப்பப்பட வேண்டிய வினா.

சமூகப் பாதுகாப்பு எனப்படுவது நோய், முதுமை, வேலையின்மை, பயிரழிவு முதலிய இடர்களால் உழைப்போர் வறுமையுள் வீழ்ந்துவிடாதபடி சமூகம் செய்துகொள்ளும் ஏற்பாடு. இலங்கையில் 1995 முதல் சமுர்த்தியும், 2023 முதல் அஸ்வெசுமவும் இதன் பிரதான வடிவங்களாயின. இவை இரண்டும் ஒருவர் ஏழை என நிறுவப்பட்ட பின்னரே உதவத் தொடங்குவன. அஸ்வெசுமத் தெரிவுக்குக் கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு துறைகள் சார்ந்த 22 குறிகாட்டிகள் வகுக்கப்பட்டன. இவை குடும்பத்தின் இன்றைய நிலையைக் கணிப்பன. அக்குடும்பம் எந்த மலைச்சரிவில் வாழ்கின்றது, அடுத்த போகத்தில் அதற்கு மழை கிடைக்குமா என்பன இக்கணக்கில் முதன்மை பெறுவதில்லை. நாளை ஏழையாகப் போகின்றவர் இன்று இப்பட்டியலின் வெளியே நிற்கிறார்.

இத்தகைய பின்னோக்கிய பார்வைக்கு நீண்ட வரலாறு உண்டு. எமது இலக்கியங்களில் பஞ்சம் பேசப்படும் முறையே இதற்குச் சான்று. இறையனார் களவியல் உரை கூறும் பன்னீரியாண்டு வற்கடத்தை நினைவுகூர்க. பாண்டியன் கற்றோரை அழைத்து, தன்னால் அவர்களைப் புறந்தர இயலாது என உரைத்து, நாடு செழித்தபின் மீண்டுவருமாறு அனுப்பிவிடுகின்றான். உழவரும் வினைவலரும் எங்கே சென்றனர் என்பது பற்றி உரைகாரர் பேசவில்லை. மணிமேகலையின் அமுதசுரபி பசித்தோரை வேறுபாடின்றி அரவணைக்கின்றது. ஆனால் அது பசி வந்தபின் வரும் அற்புதமாகும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வில்லியப்ப பிள்ளை பாடிய பஞ்சலட்சணத் திருமுகவிலாசத்திலோ, தாது வருடப் பஞ்சத்தில் வாடியோர் மதுரைச் சொக்கநாதரிடமே முறையிடுகின்றனர். இறைவன் சிவகங்கைச் சமீன்தாருக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் கொடுத்தனுப்புகின்றான்! அங்கதத்தின் கூர்மை இங்கேதான் உள்ளது. அரசன் கைவிரித்தான், கடவுள் கடிதம் கொடுத்தான். இரு நிலையிலும் வாழ்வு பிறர் அருளைச் சார்ந்தே நிற்கின்றது. நிலமானிய சமூகத்தில் நிவாரணம் கொடையாகவே இருந்தது. கொடைக்கு முன்னறிவிப்புத் தேவையில்லை.

காலனித்துவ அரசு அருளின் இடத்தில் கணக்கை வைத்தது. 1873-74இல் பீகாரில் மழை பொய்த்தபோது, ரிச்சர்ட் டெம்பிள் பர்மாவிலிருந்து பெருந்தொகை அரிசியை முன்னதாகவே வருவித்தார். பட்டினிச் சாவு பெரும்பாலும் தடுக்கப்பட்டது. அதற்காக அவருக்குக் கிடைத்தது பாராட்டன்று. ஊதாரித்தனம் என்ற கண்டனமே கிடைத்தது. சாவு நேராமையால், செலவு அவசியமற்றது என வாதிடுவோர்க்கு வாய்ப்பாயிற்று. தடுக்கப்பட்ட அனர்த்தம் தனக்குச் சாட்சி விட்டுச் செல்வதில்லை. முன்கூட்டிய பாதுகாப்புக்கு இன்றுவரை எழுப்பப்படும் ஆட்சேபத்தின் கரு இதுவே.

அதே டெம்பிள் 1877இல் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டபோது பாடத்தைத் தலைகீழாகக் கற்றிருந்தார். நிவாரண வேலை செய்வோருக்கு நாளுக்கு ஓர் இறாத்தல் தானியம் போதுமெனக் குறைத்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையாளர் கோர்னிஷ் இதனைக் கடுமையாக எதிர்த்தார். 1876-78 பஞ்சத்தில் பிரித்தானிய இந்தியாவில் மாண்டோர் 50 இலட்சத்துக்கு மேற்பட்டோர் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. அப்பஞ்சத்துக்குத் தப்பியோரில் ஒரு பகுதியினர் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாகக் காட்டுப்பாதையில் மாத்தளை வரை நடந்தே வந்தனர். வழியில் வீழ்ந்தோர் பலர். மாத்தளை அன்று கோப்பித் தோட்டங்களின் வாயிலாக விளங்கியது. சென்னை மாகாணத்திற் கிடைக்காத பாதுகாப்பு, இங்கே மலிந்த உழைப்பாக உருமாறியது. மலையகத் தமிழ் மக்களின் வரலாற்றை எழுதப் புகுவோர், வராமற்போன நிவாரணத்தையும் அதன் காரணங்களுள் ஒன்றாகக் கொள்ளுதல் வேண்டும்.

1880இல் அறிக்கை வெளியிட்ட பஞ்ச ஆணைக்குழுவின் விதந்துரைகளிலிருந்து பஞ்சச் சட்டக்கோவைகள் பிறந்தன. சென்னைக் கோவை 1883இல் வந்தது. முன்னெச்சரிக்கையை நிவாரணக் கடமையோடு பிணைத்த ஆரம்ப ஏற்பாடுகளுள் இவை முக்கியமானவை. தானிய விலையேற்றம், சிறு களவுகளின் அதிகரிப்பு, மக்கள் ஊர்விட்டு அலைதல் ஆகியன அடையாளங்களாகக் கொள்ளப்பட்டன. ஐயம் தோன்றினால் சோதனை வேலைகள் திறக்கப்படும். குறைந்த கூலிக்கும் மக்கள் திரண்டு வந்தால் பஞ்சம் உறுதியாகும். உறுதியானவுடன் ஒவ்வோர் அதிகாரியும் செய்யவேண்டியது எழுத்தில் இருந்தது. கஞ்சத்தனம் மிக்க ஆவணங்களாயினும், நிவாரணத்தை அதிகாரியின் மனநிலையிலிருந்து ஓரளவு பிரித்தமை அவற்றின் சிறப்பு. ஆனால் 1943இல் வங்காளத்தில் இலட்சக்கணக்கானோர் மடிந்தபோது அக்கோவை நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. பஞ்சமெனப் பிரகடனம் செய்யின் அரசு உணவு வழங்கியே ஆகவேண்டும்; ஆகையாற் பிரகடனமே தவிர்க்கப்பட்டது. உணவு இருப்பதும் அதனைப் பெறும் உரித்து இருப்பதும் ஒன்றல்ல என்று அமர்த்தியா சென் 1981இல் வெளிவந்த தமது நூலில் வங்காளத்தை முன்வைத்து விளக்கினார். இதனை அறிவுக்கும் விரித்துரைக்கலாம். வரப்போவதை அறிந்திருப்பது வேறு, அந்த அறிவின் பேரில் ஒன்றைக் கோரும் உரித்துடையவராயிருப்பது வேறு.

இன்றைய நிலைக்கு வருவோம். மலைநாட்டில் மண்சரிவு எச்சரிக்கையைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கின்றது. 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மஞ்சள், 100ஐத் தாண்டினால் செம்மஞ்சள், 150ஐத் தாண்டினால் சிவப்பு என மூன்று படிகள்; சிவப்பு என்றால் வெளியேறுக என்பது பொருள். எச்சரிக்கை பிரதேச செயலாளர் பிரிவு வாரியாக வெளியாகின்றது. லக்கலை - பல்லேகமவின் பெயரும், மலைத்தொடரின் மறுபுறத்தில் தோட்டங்கள் நிறைந்த றத்தோட்டையின் பெயரும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து வருவதுண்டு. முன்னதில் வயலும் சேனையும் செய்யும் சிங்கள விவசாயி. பின்னதில் லயன் அறையில் வாழும் தமிழ்த் தொழிலாளி. மொழியாற் பிரிந்த இருவரையும் ஒரே மழைமானி ஒன்றாக எண்ணுகின்றது. சமூகப் பாதுகாப்பு ஏற்பாடுகளோ இன்னும் அவ்வாறு எண்ணக் கற்கவில்லை.

எச்சரிக்கை கிடைத்தும் பாதுகாப்புக் கிடைக்காமைக்குக் கொஸ்லந்தை மீரியபெத்தை துயர்மிகு எடுத்துக்காட்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில் மலை சரிந்து லயன்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்பது 2005இலேயே அறிவிக்கப்பட்டிருந்தது, பின்னரும் எச்சரிக்கப்பட்டது. அனர்த்தத்தின் பின்னர், எச்சரித்தும் மக்கள் ஏன் விலகவில்லை எனக் கேட்கப்பட்டது. எங்கே விலகுவது? லயன் அறை தொழிலாளிக்குச் சொந்தமன்று; வேறு காணியும் இல்லை; வீடு வேலையோடும் வேலை தோட்டத்தோடும் பிணைக்கப்பட்டுள்ளன. பல்லேகமவில் நீர்த்தேக்கத்தின் வரைபடத்தோடு புதிய நகரின் வரைபடமும் சேர்ந்தே வந்தது. மீரியபெத்தையில் அபாய அறிவிப்பு மட்டும் தனியே வந்தது.

எச்சரிக்கை என்பது தகவல் மட்டுமன்று, அது ஒரு செலவுமாகும் என்பதை எமது ஆய்வாளர்கள் போதியளவு கவனித்ததாகத் தெரியவில்லை. சிவப்பு எச்சரிக்கை வந்த நாளில் வெளியேறும் குடும்பம் அன்றைய கூலியை இழக்கின்றது; கோழியையும் மாட்டையும் அடுப்பையும் விட்டுச் செல்கின்றது; பாடசாலை மண்டபத்திற் பிள்ளைகளோடு இரவைக் கழிக்கின்றது. மலை சரியாவிடின் மறுநாள் வெறுங்கையோடு திரும்புகின்றது. இப்படி இருமுறை நேர்ந்தால் மூன்றாம் முறை அது வெளியேறத் தயங்கும். இத்தயக்கத்தை அறியாமை என்றும் மூடநம்பிக்கை என்றும் வருணிப்பது நடுத்தர வர்க்கத்தின் வழக்கம். உண்மையில் அது கூலியுழைப்பாளியின் கணக்கு. மாதச் சம்பளம் பெறுவோர் வெளியேறினால் சம்பளம் குறையாது. அன்றாடம் உழைப்போருக்கு ஒவ்வோர் எச்சரிக்கையும் ஒரு நாட்கூலி. சமூகத்தின் பொது நன்மைக்கான முன்னறிவிப்பின் விலையைத் தனித்தனிக் குடும்பங்கள் செலுத்துகின்றன.

இவ்விலையைப் பொதுவாக்க முடியும் என்பதற்கு அண்மைக் காலத்தில் முன்மாதிரிகள் தோன்றியுள்ளன. 2020 யூலையில் வங்காளதேசத்தின் யமுனையாற்றில் வெள்ளம் உச்சம் எட்டுமுன்னரே, கணிப்பின் அடிப்படையில் ஐக்கிய நாடுகளின் மத்திய அவசர நிதியம் பணத்தை விடுவித்தது. பல்லாயிரம் குடும்பங்களுக்குக் கைத்தொலைபேசி வழியாகப் பணம் சென்றது. அதனைக் கொண்டு உணவும் தீவனமும் முன்கூட்டியே வாங்கவும், கால்நடையை அப்புறப்படுத்தவும் முடிந்தது. கென்யாவின் வடபகுதியில் செய்மதி காட்டும் பசுமைக் குறியீடு ஓர் அளவுக்குக் கீழே சென்றதும், வழமையான உதவிப் பட்டியலுக்கு வெளியேயுள்ள குடும்பங்களுக்கும் வறட்சிக்காலப் பணம் வழங்கும் முறை உள்ளது. அளவு, தொகை, பெறுவோர் ஆகிய மூன்றும் அனர்த்தத்துக்கு முன்னரே தீர்மானிக்கப்படுவதே இவற்றின் உயிர்நாடி. கண்ணீரைக் கண்டபின் இரங்குவதற்கு இங்கு வேலையில்லை.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். இத்திட்டங்கள் பெரும்பாலும் கொடையாளர் நிதியில் நடப்பவை. கொடையாளரின் ஆர்வம் குன்றினால் அளவுகோல் மட்டும் எஞ்சும். பஞ்சச் சட்டக்கோவைக்கு வங்காளத்தில் நேர்ந்தது இவற்றுக்கும் நேரலாம். ஆகவே பணம் நாட்டின் சொந்த வரவுசெலவுத் திட்டத்தில் ஒதுக்கப்பட்டிருத்தல் வேண்டும். அளவு தாண்டப்பட்டதும் அமைச்சரின் கையொப்பத்துக்குக் காத்திராமல் அது செல்லுதல் வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலைநாட்டைச் சிதைத்தது. நாடு முழுவதும் 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களோடு மாத்தளையும் பெரும் அழிவைக் கண்டது. எச்சரிக்கைகள் உரிய வேளையில் தமிழிற் கிடைக்கவில்லை என்ற குறை பரவலாக எழுந்தது. மொழியுரிமை உயிருரிமையுமாகும் என்பதற்கு இதனினும் கொடிய விளக்கம் தேவையில்லை. எனினும் மொழிபெயர்ப்போடு கடமை முடிந்துவிடாது. தூய தமிழில் எழுதப்பட்ட சிவப்பு எச்சரிக்கையும் போக இடமற்றவனுக்குப் பயன்படாது.

வறட்சி மெல்ல வருவதால் அதனை முன்னறிதல் ஒப்பீட்டளவில் எளிது. 2016-17 பெரும்போகம் பொய்த்தபோது, விதைக்குமுன் கடன்பட்ட விவசாயி அறுவடையின்றிக் கடனை மட்டும் அறுத்தான். பருவமழை பற்றிய கணிப்பை வளிமண்டலவியல் திணைக்களம் வெளியிடுகின்றது. மழை குறையும் என்ற கணிப்பு விதைப்புக்கு முன்னரே கடன் ஒத்திவைப்பாகவும் குறுங்காலப் பயிருக்கான விதையாகவும் மாறவேண்டும். வட்டிக்கு விடுபவனும் நெல் வியாபாரியும் வானிலையை எப்போதும் முன்னறிந்தே விலை பேசுகின்றனர். முன்னறிவு சந்தைக்கு இலாபமாகவும் உற்பத்தியாளனுக்குச் செய்தியாகவும் மட்டும் பயன்படும் நிலையே இங்கு மாற்றப்பட வேண்டியது.

இதற்கான கருவிகள் புதிதாய்க் கண்டுபிடிக்கப்பட வேண்டியனவல்ல. மாத்தளை உட்பட மலைசார் மாவட்டங்களுக்கு மண்சரிவு அபாய வரைபடங்கள் உள்ளன. அஸ்வெசும பெறும் குடும்பங்களின் பெயரும் வங்கிக் கணக்கும் பதிவில் உள்ளன. ஒன்று ஒரு நிறுவனத்தின் கையில்; மற்றது வேறொன்றின் கையில். இரண்டையும் இணைத்து, சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்ட ஒவ்வொரு நாளுக்கும், அபாய வலயத்திலுள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும், அஸ்வெசுமப் பட்டியலில் இருந்தாலும் இல்லாவிடினும், ஒரு நாட்கூலியைத் தாமாகவே வரவுவைப்பது முதற்படியாகலாம். தோட்டங்களில் இதன் ஒரு பங்கைக் கம்பனிகள் ஏற்றல் வேண்டும். 1992 முதல் அவை குத்தகையிற் பயன்பெறுவது அரச நிலத்தையும் அச்சரிவுகளில் வாழ்வோரின் உழைப்பையுமே. அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில் கொழுந்தின் நிறையோடு மழையின் அளவும் மேசைக்கு வருமாயின், அதனை முன்வைக்க வேண்டியவை தொழிற்சங்கங்களே.