எல்லைப்புற மலைகளில் தர்க்கக் கட்டுப்பாட்டுக் கருவி

பாலக்காடு, இடுக்கி ஆகிய இரு மாவட்டங்களும் ஒன்றையொன்று தொட்டு அமைந்தவை அல்ல. எனினும் இரண்டுமே தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டிக் கிடப்பவை. ஒன்றில் வாளையார், கஞ்சிக்கோடு, பரம்பிக்குளம் ஆகிய இடங்களும், மற்றொன்றில் மூணாறு, வண்டன்மேடு, குமுளி ஆகிய இடங்களும் உள்ளன. ரயில் பாதை, தொழிற்சாலை, அணைக்கட்டு, ஏலத்தோட்டம் என்று இப்பகுதியின் தொழில்கள் பலவகைப்பட்டவை. ஆயினும் அவற்றுக்குப் பொதுவான தேவை ஒன்று உண்டு. எங்கும் எவரேனும் ஒருவர் இரவு முழுவதும் விழித்திருந்து, ஒரு நிலையைக் கவனித்து, உரிய வேளையில் உரிய செயலைச் செய்தாக வேண்டும்.

இக்காவற்பணியை யந்திரத்திடம் எவ்வளவு தூரம் ஒப்படைக்கலாம் என்னும் வினாவுக்கு விடை காண, 'பி.எல்.சி.' என வழங்கும் தர்க்கக் கட்டுப்பாட்டுக் கருவியின் இயல்பை அறிதல் நலம்.

கருவி பிறந்த வரலாறு

முற்காலத்துத் தொழிற்சாலைகளில் யந்திரங்களின் இயக்கத்தை ரிலே எனப்படும் மின்காந்த விசைகள் முறைப்படுத்தி வந்தன. நூற்றுக்கணக்கான ரிலேக்கள் சுவர் நிறைய அடுக்கப்பட்டிருக்கும். உற்பத்தி முறை மாறினால் கம்பி இணைப்புகள் அனைத்தையும் பிரித்து மீண்டும் கட்ட வேண்டும். 1968-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஹைட்ராமாட்டிக் பிரிவு, இத்தொல்லைக்கு மாற்று ஒன்றை வேண்டியது. டிக் மார்லியும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய 'மோடிகான் 084' என்னும் கருவி 1969-இல் பயனுக்கு வந்தது. அதில் கம்பிகளுக்குப் பதிலாக நிரலை மாற்றினாலே போதும்.

இக்கருவி மூன்று செயல்களை இடைவிடாது செய்துகொண்டே இருக்கிறது. முதலில் உணர்கருவிகள் தரும் செய்திகளைப் படிக்கிறது. அடுத்து, நிரலில் கூறப்பட்ட நிபந்தனைகளோடு அவற்றை ஒப்பிடுகிறது. பின்னர் மோட்டார், வால்வு, மணி முதலியவற்றுக்குக் கட்டளை இடுகிறது. இச்சுற்று ஒன்று முடியப் பொதுவாகச் சில மில்லி விநாடிகளே ஆகும். ராட்டினங்களும் நீரூற்றுக் காட்சிகளும் நாடக மேடைத் தளங்களும் இன்று இவ்வகைக் கருவிகளால் இயங்குகின்றன.

நிறுத்தும் பொத்தான் கற்பிக்கும் பாடம்

யந்திரத்தை அவசரமாக நிறுத்தும் பொத்தானை எவ்வாறு இணைக்க வேண்டும்? அழுத்தும்போது மின்னோட்டம் உண்டாகுமாறு இணைப்பதே இயல்பு என்று தோன்றும். ஆனால் அனுபவமுள்ள தொழிலாளர் அதை மாற்றி இணைப்பார். பொத்தானை அழுத்தாத வரையில் மின்னோட்டம் இருக்கும், அழுத்தினால் அறுபடும். காரணம் எளியது. கம்பியை எலி கடித்துவிட்டாலும் மின்னோட்டம் நின்றுபோகும், யந்திரமும் நின்றுவிடும். முதல் முறையில் இணைத்திருந்தால், கம்பி அறுந்த செய்தி ஆபத்து நேரும் வரையில் எவருக்கும் தெரியாது.

எந்தக் கருவியும் ஒருநாள் தவறக்கூடும். ஆதலின் அது தவறும்போது எந்தப் பக்கமாகத் தவற வேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்தல் வேண்டும். இதைத் தீர்மானிப்பது கருவியன்று, மனிதனே. எல்லைப்புறத்தின் மூன்று காட்சிகள் இவ்வுண்மையைத் தெளிவாக்கும்.

ஏலக்காய் உலர்த்தும் கூடம்

பறித்த ஏலக்காயில் நீர் ஏறத்தாழ 80 சதவீதம் இருக்கும். அதைச் சுமார் 10 சதவீதத்துக்குக் குறைத்தால்தான் காய் கெடாமல் நிற்கும். தோட்டத்தார் 'ஸ்டோர்' என வழங்கும் உலர்த்தும் கூடத்தில், விறகு அடுப்பின் வெப்பம் குழாய்கள் வழியே பரவ, தட்டுகளில் காய் உலர்கிறது. வெப்பம் 50 டிகிரி சென்டிகிரேடை ஒட்டி நிலையாக நிற்பது நன்று. மிகுந்தால் பச்சை நிறம் மங்கும். வாசனை எண்ணெயும் வீணாகும். குறைந்து, ஈரக்காற்றும் வெளியேறாவிடில் காய் புழுங்கிப் பழுதாகும். புற்றடியிலோ போடிநாயக்கனூரிலோ நடக்கும் ஏலத்தில் நிறமே விலையைப் பெரிதும் நிர்ணயிப்பதால், ஓர் இரவின் கவனக்குறைவு பல மாத உழைப்பின் பலனைக் குறைத்துவிடும்.

வெப்பமானியையும் ஈரமானியையும் சிறு கட்டுப்பாட்டுக் கருவியோடு இணைத்தால், விசிறியை இயக்கவும் காற்றுப் போக்கியைத் திறக்கவும் இயலும். ஆனால் வெப்பமானியின் கம்பி அறுந்தால் கருவி என்ன செய்ய வேண்டும்? 'வெப்பம் குறைவு' என்று அது எண்ணிக்கொண்டால் காய் கருகிப் போகும். எனவே செய்தி வராத நிலையை 'வெப்பம் மிகுதி' என்றே கொள்ளுமாறு நிரல் அமைய வேண்டும். மேலும் விறகு நெருப்பு, மின் அடுப்பைப்போல் விசையைத் தட்டியதும் அணைவதன்று. மழைக்காலத்தில் மின்சாரம் நின்றால் விசிறி நின்றுவிடும். நெருப்போ எரிந்துகொண்டே இருக்கும். ஆதலின் உறங்குபவரை எழுப்பும் மணியைத் தனி மின்கலத்தோடு இணைப்பது அவசியம்.

அணையின் கதவு

இடுக்கியின் வளைவு அணைக்குக் கதவுகள் இல்லை. அந்நீர்த்தேக்கத்தின் மிகைநீர், அருகிலுள்ள செறுதோணி அணையின் ஐந்து கதவுகள் வழியாகவே வெளியேற்றப்படுகிறது. 1992-க்குப் பின் 26 ஆண்டுகள் திறக்கப்படாதிருந்த அக்கதவுகளில் ஒன்று 2018 ஆகஸ்டு 9-ஆம் தேதி உயர்த்தப்பட்டது. மறுநாள் ஐந்தும் திறக்கப்பட்டன.

நீர்மட்டம் ஓர் எல்லையைத் தாண்டியதும் கதவைத் திறக்குமாறு ஒரு கருவிக்கு நிரல் எழுதுதல் கடினமன்று. ஆனால் கீழே ஆற்றங்கரையில் குடியிருப்புகளும் பாலமும் உள்ளன என்பதைக் கருவி அறியாது. ஆகவே இங்கு நீல, ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகள் படிப்படியாக விடுக்கப்பட்டு, மக்கள் அகற்றப்பட்ட பின்னரே கதவு திறக்கப்படுகிறது. இத்தகைய இடத்தில் கருவி அளக்கலாம், கணக்கிடலாம், எச்சரிக்கலாம், கட்டளை பிறந்தபின் கதவைச் சீராக உயர்த்தலாம். கட்டளை மட்டும் பொறுப்புள்ள அதிகாரியிடமிருந்தே வர வேண்டும். மின்சாரம் தடைப்பட்டால் கதவு இருந்த நிலையிலேயே நிற்பதும், கையால் இயக்க வழி இருப்பதும் இன்றியமையாதவை.

பாலக்காட்டு மாவட்டத்தில் தமிழ்நாட்டின் பராமரிப்பில் உள்ள பரம்பிக்குளம் அணை வேறொரு பாடத்தைத் தருகிறது. 2022 செப்டம்பர் 21-ஆம் தேதி அதிகாலையில், மூன்று கதவுகளுள் நடுக்கதவின் எதிர்எடையைத் தாங்கிய சங்கிலி அறுந்து கதவு பெயர்ந்தது. விநாடிக்குப் பல ஆயிரம் கன அடி நீர் வெளியேறிற்று. 2024 ஆகஸ்டு 10-ஆம் தேதி இரவில் கர்நாடகத்தின் துங்கபத்திரா அணையிலும் சங்கிலி அறுந்து 19-ஆம் கதவு அடித்துச் செல்லப்பட்டது. எவ்வளவு நுட்பமான நிரலும் துருப்பிடித்த இரும்பை வலுவாக்காது. கட்டளையின்றிக் கதவு அசைந்தால் உடனே அறிவிக்கும் உணர்கருவி பயன்தரும் என்பது உண்மையே. ஆயினும் ஆண்டுதோறும் சங்கிலியை நேரில் சோதிப்பவரின் பணிக்கு அது ஈடாகாது.

யானையும் ரயிலும்

மதுக்கரைக்கும் வாளையாருக்கும் இடையே ரயில் பாதை காட்டினூடே செல்கிறது. 2021 நவம்பர் 26-ஆம் தேதி இரவு, நவக்கரைக்கு அருகில் மூன்று யானைகள் ரயில் மோதி இறந்தன. அதன் பின் தமிழ்நாடு வனத்துறை, மதுக்கரைப் பகுதியில் 12 கோபுரங்களில் வெப்ப உணர்வு கொண்ட காமிராக்களையும் சாதாரணக் காமிராக்களையும் பொருத்தியது. 2024 பிப்ரவரியில் தொடங்கப்பெற்ற இவ்வேற்பாட்டில், பாதையை அணுகும் யானையைக் கணிப்பொறி அடையாளம் கண்டு, வனத்துறையினருக்கும் ரயில்வேக்கும் செய்தி அனுப்புகிறது. தண்டவாளத்தின் ஓரம் புதைத்த கண்ணாடி இழை வழியே யானை நடையின் அதிர்வை உணரும் வேறொரு முறையையும் ரயில்வே கையாண்டு வருகிறது.

இவை சாதாரண பி.எல்.சி. கருவியைவிட நுட்பமானவை. ஆயினும் உணர்தல், தீர்மானித்தல், செயற்படுதல் என்னும் சங்கிலி ஒன்றே. இங்கும் அதே வினா எழுகிறது. மூடுபனியில் காமிரா குருடானால் அறைக்கு எந்தச் செய்தியும் வராது. 'செய்தி இல்லை' என்பது வேறு. 'யானை இல்லை' என்பது வேறு. ஆதலின் ஒவ்வொரு கோபுரமும் குறித்த கால இடைவெளியில் 'விழித்திருக்கிறேன்' என்று அறிவிக்க வேண்டும். அவ்வறிவிப்பு நின்றால் அப்பகுதியில் யானை இருப்பதாகவே கொண்டு ரயிலின் வேகத்தைக் குறைப்பது தக்கது. மறுபுறம், பொய் எச்சரிக்கைகள் மிகுந்தால் ஓட்டுநர் உண்மை எச்சரிக்கையையும் பொருட்படுத்தாமல் போகக்கூடும். எனவே கருவியின் பழுதை உடனே நீக்குவதும் காவலின் பகுதியே ஆகும்.

அளவு சரியாக இருத்தல்

எத்தீர்மானமும் அளவையே சார்ந்தது. பாலக்காட்டின் கஞ்சிக்கோட்டில் உள்ள மத்திய அரசின் திரவக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி நிலையம், நீரோட்டமானிகளையும் வால்வுகளையும் சோதித்துச் சரிபார்க்கும் பணியைச் செய்து வருகிறது. களப்பணியாளர் தம் பொறுப்பிலுள்ள அளவுகருவிகளை உரிய காலத்தில் சரிபார்க்கச் செய்தல் வேண்டும்.

வகுப்பறையில் ஒரு சோதனை

இக்கருத்தை விளக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டுவதில்லை. ஒரு மின்கலம், சிறு விளக்கு, இரண்டு விசைகள் ஆகியவை போதும். விளக்கை மோட்டாராகவும், ஒரு விசையைக் 'கிணற்றில் நீர் உண்டு' என்பதாகவும், மற்றதை 'மேல்தொட்டி நிரம்பவில்லை' என்பதாகவும் கொள்க. இரண்டையும் வரிசையாக இணைத்தால், இரு நிபந்தனைகளும் நிறைவேறினால் மட்டுமே விளக்கு எரியும். பின்னர் எந்தக் கம்பியை அறுத்தாலும் விளக்கு அணைவதை மாணவர் காண்பர். அதாவது மோட்டார் நின்றுவிடும், தொட்டி வழியாது. இனி, தொட்டி நிரம்பும்போது மூடும் விசையை விளக்குக்கு இணையாகப் பொருத்தி விளக்கை அணைக்க முயன்றால் என்ன ஆகும் என்று வரைபடத்தில் மட்டும் ஆராயச் செய்க. மின்கலத்தின் இரு முனைகளும் நேரே இணைந்துவிடும் என்பதால் இதைச் செய்து பார்த்தல் கூடாது. அத்தகைய இணைப்பில் அவ்விசையின் கம்பி அறுந்தால் மோட்டார் நில்லாது ஓடும் என்பதையும் அவர்கள் தாமே கண்டுகொள்வர்.

இதை உணர்ந்த மாணவன் நாளை ஏலக்கூடத்திலோ அணையிலோ ரயில் நிலையத்திலோ பணியேற்கும்போது, ஒரு புதிய கருவியைக் கண்டவுடன் அது என்ன செய்யும் என்று மட்டும் கேட்க மாட்டான். அது செயலற்றுப் போனால் என்ன நேரும் என்றும் கேட்பான்.