கணக்குக் கேட்ட கதை

முலுண்ட், மும்பை நகரின் வடகிழக்கு ஓரத்தில் இருக்கிறது. ரயிலில் போனால் அடுத்த நிலையம் தாணே. முலுண்டில் தமிழ்க் குடும்பங்களும் வாழ்கின்றன.

அங்கே ஓர் அம்மா தையல் வேலை செய்கிறார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்.ஐ.சி. பிரீமியம் கட்டுகிறார். ரசீதைத் தகரப் பெட்டியில் பத்திரமாக வைக்கிறார். முன்பு ரசீதைப் பிறர்தான் படித்துச் சொல்வார்கள். இப்போது அவரே எழுத்துக் கூட்டிப் படிக்கிறார். பெயர், பாலிசி எண், தொகை எல்லாம் சரியாக இருந்தன.

ஆனால் மனதில் ஒரு சந்தேகம். மாடி வீட்டுப் பெரியவரிடம் கேட்டார்.

"அண்ணாச்சி, நான் கட்டுற பணம் எங்கே போகுது? அதை யாராவது தப்பாச் செலவு பண்ணினா, கேட்க ஆள் இருக்கா?"

"இருக்கும்மா. ஒரு தடவை கேட்ட கேள்வியில் மந்திரி பதவியே போச்சு" என்றார் பெரியவர். அந்தக் கதையையும் சொன்னார்.

எல்.ஐ.சி. வந்த விதம்

ஒரு காலத்தில் ஆயுள் காப்பீட்டைத் தனியார் கம்பெனிகள் நடத்தின. சில கம்பெனிகள் நொடித்துப் போயின. சில கம்பெனிகளில் மோசடி நடந்தது. பணம் கட்டிய மக்கள் தவித்தார்கள்.

ஆகவே மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. 245 தனியார் நிறுவனங்களின் காப்பீட்டுத் தொழில் ஒன்றாக்கப்பட்டது. 1956 செப்டம்பர் 1 அன்று எல்.ஐ.சி. தொடங்கியது. அதன் தலைமை அலுவலகம் மும்பையில் இருக்கிறது.

மக்கள் கட்டும் பிரீமியம் சும்மா கிடப்பதில்லை. எல்.ஐ.சி. அதைப் பல இடங்களில் முதலீடு செய்கிறது. கம்பெனிகளின் பங்குகளையும் வாங்குகிறது. பங்கு என்பது கம்பெனியில் ஒரு பாகம். கம்பெனி நன்றாக நடந்தால் லாபம். நொடித்துப் போனால் போட்ட பணம் நஷ்டம்.

ஒன்றேகால் கோடி ரூபாய்

கல்கத்தாவில் ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபர் இருந்தார். அவருடைய கம்பெனிகள் கஷ்டத்தில் இருந்தன. 1957 ஜூன் மாதம் எல்.ஐ.சி. அவருடைய 6 கம்பெனிகளின் பங்குகளை வாங்கியது. விலை சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய். அந்தக் காலத்தில் இது மிகப் பெரிய தொகை.

எல்.ஐ.சி.யில் முதலீட்டுக் குழு ஒன்று உண்டு. எங்கே பணம் போடலாம் என்று யோசனை சொல்வது அதன் வேலை. பங்கு வாங்கும் முன் அந்தக் குழுவிடம் கேட்கவே இல்லை.

நாடாளுமன்றத்தில் கேள்வி

1957 டிசம்பர் 16. மக்களவையில் ஓர் உறுப்பினர் எழுந்தார். அவர் பெயர் பெரோஸ் காந்தி. ஆளும் காங்கிரஸ் கட்சியைச் சேர்ந்தவர். பிரதமர் நேருவின் மருமகன். ஆனாலும் தன் கட்சி ஆட்சியையே கேள்வி கேட்டார். இந்தப் பங்குகளை ஏன் வாங்கினார்கள்? யாருக்கு உதவி செய்ய வாங்கினார்கள்?

அப்போது நிதி அமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. அவர் சென்னைக்காரர். அவருடைய பதில் உறுப்பினர்களுக்குத் திருப்தி தரவில்லை.

அரசு விசாரணைக்கு ஏற்பாடு செய்தது. பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா விசாரித்தார். விசாரணை பம்பாயில், மக்கள் முன்னிலையில் நடந்தது. கூட்டம் அலைமோதியது. வெளியே நின்றவர்களும் கேட்பதற்கு ஒலிபெருக்கி வைத்தார்கள்.

1958 பிப்ரவரியில் சாக்ளா அறிக்கை கொடுத்தார். நிதித் துறைச் செயலாளரின் செயலுக்கு அமைச்சரே பொறுப்பு என்றார். அமைச்சர் அந்தப் பொறுப்பைத் தட்டிக் கழிக்க முடியாது என்றார். அதே மாதம் கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். பிறகு 1962இல் அவர் மீண்டும் அமைச்சரானார்.

இன்னொன்றும் சாக்ளா சொன்னார். எல்.ஐ.சி. போன்ற நிறுவனங்களின் அன்றாட வேலையில் அரசு தலையிடக் கூடாது. உத்தரவு போட வேண்டுமானால் எழுத்தில் போட வேண்டும். எழுத்தில் இருந்தால்தானே பின்னால் கேட்க முடியும்?

எப்போதும் கேட்க ஒரு குழு

ஓர் உறுப்பினர் விழிப்பாக இருந்ததால் இது வெளியே வந்தது. அவர் கேட்காமல் இருந்திருந்தால்? அரசு நிறுவனங்களோ பெருகிக்கொண்டே போயின. ஆகவே நாடாளுமன்றம் ஒரு தனிக் குழுவை அமைத்தது. அதன் பெயர் பொதுத்துறை நிறுவனங்கள் குழு. அது 1964 மே மாதம் தொடங்கியது.

குழுவில் 22 பேர். மக்களவையிலிருந்து 15 பேர். மாநிலங்களவையிலிருந்து 7 பேர். பல கட்சிக்காரர்களும் இருப்பார்கள். அமைச்சர்கள் இதில் உறுப்பினராக முடியாது. கணக்குக் கொடுக்க வேண்டியவரே கணக்குக் கேட்கலாமா?

இந்தக் குழு நிறுவனங்களின் கணக்கையும் அறிக்கையையும் பார்க்கும். அதிகாரிகளை நேரில் கூப்பிட்டுக் கேட்கும். நிர்வாகம் ஒழுங்காக நடக்கிறதா என்று ஆராயும். பிறகு நாடாளுமன்றத்தில் அறிக்கை வைக்கும்.

குழுவுக்கு எல்லையும் உண்டு. அன்றாட நிர்வாகத்தில் அது தலையிடாது. யாரையும் வேலையிலிருந்து நீக்காது. யோசனைதான் சொல்லும். என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று அரசு பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலையும் குழு பார்க்கும்.

முலுண்ட் அம்மா என்ன செய்யலாம்?

"அதெல்லாம் டெல்லியில் இருக்கிறவங்க வேலை. என்னால என்ன முடியும் அண்ணாச்சி?" என்று கேட்டார் அந்த அம்மா.

"ஏன் முடியாது?" என்றார் பெரியவர். "முலுண்ட், வடகிழக்கு மும்பை மக்களவைத் தொகுதியில் இருக்கு. உன் ஓட்டும் சேர்ந்துதான் எம்.பி. டெல்லிக்குப் போறார். அவருக்கு நீ கடிதம் எழுதலாம். சபையில் கேளுங்கன்னு சொல்லலாம்."

இன்னொரு வழியும் உண்டு. 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. அரசு அலுவலகங்களிடம் யாரும் எழுதித் தகவல் கேட்கலாம். எல்.ஐ.சி.யிடமும் கேட்கலாம். 10 ரூபாய் கட்டணம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

2022இல் எல்.ஐ.சி.யின் ஒரு சிறு பகுதிப் பங்குகள் விற்கப்பட்டன. பெரும் பகுதி மத்திய அரசிடமே இருக்கிறது. பாலிசிப் பணத்துக்குச் சட்டப்படி மத்திய அரசின் உத்தரவாதமும் உண்டு.

அந்த அம்மா ரசீதை மீண்டும் ஒரு முறை படித்தார். பிறகு பையனின் பழைய நோட்டை எடுத்தார். தன் தொகுதி எம்.பி.யின் பெயரைப் பெரியவரிடம் கேட்டார். தன் கையாலேயே எழுதி வைத்துக்கொண்டார்.

யோசித்துப் பதில் சொல்லுங்கள்:

1. முதலீட்டுக் குழுவைக் கேட்காமல் பங்கு வாங்கியது ஏன் தவறு?

2. அமைச்சர்கள் ஏன் பொதுத்துறை நிறுவனங்கள் குழுவில் இருக்கக் கூடாது?

3. உங்கள் தொகுதியின் மக்களவை உறுப்பினர் யார்? அவரிடம் நீங்கள் என்ன கேட்பீர்கள்?