அப்பாவைக் கொன்றவர்கள் அரண்மனையில், மகள் மண்குடிசையில்: எலக்ட்ராவைத் தெரியுமா?

ட்ராய் நகரத்தைப் பத்து வருஷம் முற்றுகை போட்டு, ஜெயித்து, கப்பலேறி வீடு திரும்புகிறார் ஒரு மகாராஜா. வாசலில் சிவப்புக் கம்பள வரவேற்பு. உள்ளே குளியல் தொட்டியில் வெந்நீர் தயார். தொட்டியிலிருந்து எழும்போது தலையும் கையும் நுழைய வழியில்லாத ஒரு அங்கியை அவர் மேல் வலைபோல வீசி, மூன்றே வெட்டு! வெட்டியது யார் தெரியுமா? அவர் மனைவி! கூட்டாளி யார் தெரியுமா? ராஜாவின் சொந்தச் சித்தப்பா மகன்!

ராஜா அகமெம்னான். மனைவி கிளைட்டம்னெஸ்ட்ரா. பங்காளியின் பெயர் ஏகிஸ்தஸ். இந்தக் கொலைக்கு நியாயம் கேட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தவள்தான் இளவரசி எலக்ட்ரா. இரண்டாயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னால் ஏதென்ஸ் நகரத்தில் மூன்று பெரிய நாடகாசிரியர்கள் இந்த ஒரே பெண்ணின் கதையை ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள். ஈஸ்கிலஸ், சோஃபோக்ளிஸ், யூரிப்பிடிஸ். மூன்றும் அழியாமல் இன்று நம் கையில் இருக்கின்றன. கிரேக்க நாடகங்களில் பெரும்பகுதி அழிந்தே போய்விட்டது. ஒரே சம்பவத்துக்கு மூன்று பேர் எழுதியதும் தப்பிப் பிழைத்தது இந்தக் கதைக்கு மட்டும்தான் என்றால் அதிசயமா இல்லையா?

இன்னொன்று கேளுங்கள். கிரேக்கத்தின் ஆதிகவி ஹோமருக்கு எலக்ட்ரா என்று ஒருத்தி இருந்ததே தெரியாது! இலியட் காவியத்தில் அகமெம்னானே தன் பெண்களின் பெயரைச் சொல்கிறார்: கிரிசோதெமிஸ், லவோடிசி, இஃபியானஸ்ஸா. எலக்ட்ரா பெயர் எங்கும் கிடையாது. பின்னால் வந்த கவிகள்தான் லவோடிசிக்கு இந்தப் பெயரைச் சூட்டி மேடையேற்றினார்கள்.

சரி, ஒரு இளவரசி எப்படிக் குடிசைக்குப் போனாள்? இதை யூரிப்பிடிஸ் சொல்வதுபோல வேறு யாரும் சொல்லவில்லை. தம்பி ஒரெஸ்டிஸ் பச்சைப் பிள்ளை. அவனைக் கொன்றுவிடுவார்கள் என்று ஒரு கிழவர் தூக்கிக்கொண்டு போய் ஃபோகிஸ் நாட்டில் ஒளித்து வைக்கிறார். அவன் தலைக்கு ஏகிஸ்தஸ் பொன் அறிவிக்கிறான். மகளை என்ன செய்வது? பெரிய இடத்தில் கட்டிக் கொடுத்தால் பிறக்கும் பேரன் வாளோடு வந்து நிற்பான். கொன்றுவிடலாம் என்றால், எவ்வளவு கொடுமைக்காரியானாலும் பெற்றவள் குறுக்கே நிற்கிறாள். கடைசியில், ஆர்கோஸ் நாட்டு எல்லையில் சோற்றுக்கே பாடுபடும் ஓர் ஏழை உழவனுக்கு அவளைக் கட்டி வைத்துவிடுகிறான். ஏழை வீட்டுப் பிள்ளை எந்தக் காலத்தில் பழிவாங்கப் போகிறது என்று கணக்கு!

அந்த உழவன் என்ன செய்தான் தெரியுமா? அவளைத் தொடவே இல்லை! இது அவளுக்கு நடந்த அநியாயம், அதில் நான் பங்கு போட மாட்டேன் என்று ஒதுங்கி நின்றான். அரசர்களும் தளபதிகளும் நிறைந்த இந்தக் கதையில் உருப்படியான ஒரே ஆண்பிள்ளை, பெயர்கூட இல்லாத இந்த விவசாயிதான் என்பது என் கட்சி.

அந்த வீட்டில் எலக்ட்ரா துக்கத்துக்காகத் தலைமுடியை வெட்டிக்கொண்டு, விடியுமுன் தலையில் குடத்தோடு ஊற்றுக்குப் போகிறாள். "நீ எதுக்கும்மா தண்ணி சுமக்கணும்?" என்று அவன் கேட்கிறான். அவளுக்கு அது வேலை இல்லை, போராட்டம். ஏகிஸ்தஸ் தன்னை என்ன கதிக்கு ஆளாக்கியிருக்கிறான் என்று தெய்வங்கள் பார்க்கட்டும் என்றுதான் குடம் தூக்குகிறாள்! அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து, ஹீரா அம்மன் திருவிழாவுக்கு வா என்று பாட்டாகக் கூப்பிடுகிறார்கள். உடுத்த நல்ல துணி இல்லை என்கிறாள். நாங்கள் தருகிறோம், நகையும் தருகிறோம் என்கிறார்கள். அப்போதும் வரமாட்டேன் என்கிறாள்.

அந்தப் பெண்கள் பாடிய பாட்டு ஒரு நகரத்தையே காப்பாற்றியது தெரியுமா? கி.மு. 404. ஸ்பார்ட்டாவிடம் தோற்று, ஏதென்ஸ் மண்டியிட்டுக் கிடக்கிறது. ஊரைத் தரைமட்டமாக்கி ஆடு மேயும் நிலமாக விட்டுவிடலாம் என்று வெற்றி பெற்ற அணியில் ஒரு தீப்ஸ் நாட்டுக்காரர் யோசனை சொல்கிறார். அன்றைக்குத் தளபதிகளுக்கு விருந்து. விருந்தில் ஒருவர் எழுந்து யூரிப்பிடிஸின் 'எலக்ட்ரா'விலிருந்து அந்த முதல் குழுப்பாட்டைப் பாடுகிறார். கேட்டவர்களுக்கெல்லாம் மனம் இளகிவிட்டதாம். இப்பேர்ப்பட்ட கவிஞர்களைப் பெற்ற ஊரை இடிப்பது பாவம் என்று விட்டுவிட்டார்களாம். புளூட்டார்க் எழுதி வைத்த செய்தி இது. பாடியவர் எந்த நாட்டுக்காரர் தெரியுமா? ஃபோகிஸ்! குழந்தை ஒரெஸ்டிஸை ஒளித்து வைத்த அதே ஃபோகிஸ்! அந்தப் பாட்டை எழுதிய யூரிப்பிடிஸ் அப்போது உயிரோடு இல்லை.

இளவரசிக்கு நக்கலும் வரும் என்பது தெரியுமா? கி.மு. 458-இல் வந்த ஈஸ்கிலஸ் நாடகத்தில், அப்பா சமாதியில் கிடந்த ஒரு கற்றை முடியையும், மண்ணில் பதிந்த காலடியையும், தான் நெய்த துணியையும் வைத்துத் தம்பியை அடையாளம் காண்கிறாள் எலக்ட்ரா. பல வருஷம் கழித்து எழுதிய யூரிப்பிடிஸ் இதே மூன்றையும் ஒரு கிழவர் வாயில் போடுகிறார். அவருடைய எலக்ட்ரா என்ன சொல்கிறாள்? ஆண்பிள்ளை காலும் பெண்பிள்ளை காலும் ஒரே அளவா? பிள்ளையில் போட்ட சட்டை உடம்போடு சேர்ந்து வளருமா? முன்னோடியை மேடையிலேயே வாரிவிட்டார் மனுஷன்! பிறகு புருவத்தருகே இருந்த பழைய தழும்பால் தம்பியைக் கண்டுகொள்கிறாள்.

சோஃபோக்ளிஸ் வேறு ரகம். அவர் நாடகத்தில் எலக்ட்ரா அரண்மனை வாசலிலேயே நின்று அழுகிறாள். வாயை மூடாவிட்டால் சூரியனே தெரியாத இடத்தில் அடைத்துவிடுவோம் என்ற மிரட்டல் வேறு. தங்கை கிரிசோதெமிஸ், அனுசரித்துப் போய்விடேன் என்கிறாள். தேரோட்டப் போட்டியில் ஒரெஸ்டிஸ் செத்துவிட்டான், இதோ அஸ்தி என்று ஒருவன் கலசத்தை நீட்டுகிறான். அதை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் கதறும்போது, கலசத்தைக் கொண்டுவந்தவனே ஒரெஸ்டிஸ்!

இந்தக் காட்சியில் நடித்த போலஸ் என்ற நடிகரின் கதையை ரோமானிய எழுத்தாளர் அவுலஸ் கெல்லியஸ் குறித்து வைத்திருக்கிறார். அந்தக் காலத்தில் பெண் வேஷமும் ஆண்கள்தான் முகமூடி போட்டுக் கட்டுவார்கள். போலஸுக்கு அருமை மகன் இறந்துபோனான். துக்கம் முடிந்து மேடைக்குத் திரும்பியபோது எலக்ட்ரா வேஷம். கலசம் வேண்டுமே? மகனைப் புதைத்த இடத்திலிருந்து அவன் அஸ்திக் கலசத்தையே எடுத்து வந்து கட்டிக்கொண்டு அழுதார்! கூட்டம் பார்த்தது நடிப்பு இல்லை. படிக்கும்போதே உடம்பு சிலிர்க்கிறது.

பழி தீர்ந்ததா? தீர்ந்தது. யூரிப்பிடிஸில் எலக்ட்ரா போடும் திட்டம் பயங்கரம். எனக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, பத்தாம் நாள் சடங்கு செய்யத் தெரியவில்லை, வாருங்கள் என்று பெற்றவளுக்கே பொய்ச் செய்தி அனுப்புகிறாள். பேரன் முகம் பார்க்க வந்தவள் குடிசைக்குள் நுழைகிறாள். வாள் தம்பியுடையது, அந்த வாளில் தன் கையும் இருந்தது என்று பின்னால் அழுகிறாள் எலக்ட்ரா.

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. கிளைட்டம்னெஸ்ட்ரா பக்கமும் ஒரு நியாயம் உண்டு தெரியுமா? ட்ராய்க்குக் கப்பல் கிளம்பக் காற்று வீசவில்லை என்று, மூத்த மகள் இஃபிஜீனியாவைக் கல்யாணம் என்று பொய் சொல்லி ஆலிஸ் துறைமுகத்துக்கு வரவழைத்துப் பலி கொடுத்தவர் இதே அகமெம்னான்! அந்தத் தாய் பத்து வருஷம் அதை நெஞ்சில் வைத்திருந்தாள். அப்பா கல்யாணப் பொய், மகள் பிள்ளைப்பேற்றுப் பொய். ஒரே வீட்டு வழக்கம்!

சட்டப்படி வழக்குப் போட்டிருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். நாடகம் பார்த்த ஏதென்ஸ்காரர்கள் ஊரில் கொலை வழக்கைச் செத்தவரின் உறவுக்கார ஆண்கள்தான் தொடர முடியும். பெண் தானாக வழக்காட முடியாது. அவள் ஏன் தம்பி, தம்பி என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அந்தப் பார்வையாளர்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை. நம் கண்ணகிக்காவது பாண்டியன் அவைக்குள் சிலம்போடு நுழைந்து நின்று பேச முடிந்தது!

வழக்கு ஒன்று நடக்கத்தான் செய்தது. ஈஸ்கிலஸ் இந்தக் கதையை மூன்று நாடகத் தொடராக எழுதினார்; அதன் மூன்றாம் நாடகத்தில், தாயைக் கொன்றதற்காக ஏதென்ஸின் அரியோபகஸ் குன்றில் ஒரெஸ்டிஸ் கூண்டில் நிற்கிறான். அவனுக்காக வாதாடுவது அப்பல்லோ தெய்வம். வாதம் என்ன தெரியுமா? தாய் உண்மையில் பெற்றவளே இல்லை, விதை தகப்பனுடையது, அவள் வெறும் நிலம்! வாக்குகள் சரிபாதி. அதீனா தேவியின் வாக்கால் விடுதலை! அந்தக் குன்றில் நிஜமாகவே கொலை வழக்கு மன்றம் இருந்தது. நாடகம் வருவதற்கு நான்கு வருஷம் முன்புதான் மன்றத்தின் மற்ற அதிகாரங்களில் பெரும்பாலானவற்றைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். அந்தச் சூட்டிலேயே எழுதிவிட்டார். ஆனால் அந்த விசாரணையில் எலக்ட்ரா இல்லை. சாட்சியாகக்கூட யாரும் கூப்பிடவில்லை. இரண்டாம் நாடகத்தின் பாதியிலேயே அவளை வீட்டுக்குள் அனுப்பிவிடுகிறார் ஈஸ்கிலஸ்.

கி.மு. 408-இல் யூரிப்பிடிஸ் எழுதிய 'ஒரெஸ்டிஸ்' இன்னும் மோசம். ஆர்கோஸ் ஊர்ச்சபை கூடி அக்காவுக்கும் தம்பிக்கும் சேர்த்து மரண தண்டனை விதிக்கிறது. தம்பி சபைக்குப் போய்ப் பேசுகிறான். அக்காவுக்குத் தீர்ப்பை ஓர் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போகிறார், அவ்வளவுதான். தெய்வம் தலையிட்டதால் உயிர் தப்புகிறது. அப்பாவுக்கு நியாயம் கேட்டவளிடம் ஒரு சபைகூட வாய் திறந்து ஒரு கேள்வி கேட்கவில்லை. இந்தக் கதையில் என்னை உறுத்துவது அந்த ரத்தம் இல்லை, இதுதான்.

இன்னும் வேண்டுமா? 1876-இல், அகமெம்னானின் தலைநகரம் என்று சொல்லப்படும் மைசீனியில் கல்லறைகளைத் தோண்டிய தொல்லியலாளர் ஷ்லீமன் ஒரு தங்க முகமூடியை எடுத்து, அகமெம்னானைக் கண்டுவிட்டதாகவே நம்பினார். இன்று ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் 'அகமெம்னான் முகமூடி' என்ற பெயரோடுதான் இருக்கிறது. ஆனால் அது ட்ராய் போர் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்குச் சுமார் முந்நூறு வருஷம் மூத்தது! அதனால் என்ன, 1878-இல் பிறந்த மகனுக்கு அகமெம்னான் என்றே பெயர் வைத்துவிட்டார் மனுஷன்!

வானத்திலும் இருக்கிறாள். 1873-இல் கண்டுபிடித்த 130-ஆம் எண் சிறுகோளுக்கு எலக்ட்ரா என்று பெயர். அந்தச் சிறு பாறைக்கு மூன்று துணைக்கோள்கள்! மூன்று துணை உள்ள சிறுகோள் என்று முதலில் தெரியவந்தது இதுதான். கார்த்திகைக் கூட்டத்தில் எலக்ட்ரா என்றொரு நட்சத்திரம் இருக்கிறதே என்பீர்கள். அது வேறு எலக்ட்ரா, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

1909-இல் டிரெஸ்டன் நகரில் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் இவளை ஓபராவாக்கினார். அதில் பழி முடிந்ததும் வெறியோடு ஆடி ஆடியே விழுந்து சாகிறாள். 1931-இல் யூஜின் ஓநீல் கதையை அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்துக்கு மாற்றினார். 1962-இல் கிரேக்க இயக்குநர் காகோயானிஸ் யூரிப்பிடிஸைப் படமாக்கினார், ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. எலக்ட்ராவாக ஐரீன் பாப்பாஸ். அதே பாப்பாஸ், அதே இயக்குநரின் 1977 'இஃபிஜீனியா' படத்தில் யாராக நடித்தார் தெரியுமா? கிளைட்டம்னெஸ்ட்ராவாக! மகளைப் பலிக்குப் பறிகொடுக்கும் தாயாக!

இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பாருங்கள், முதலில் மகள், பிறகு தாய். யார் பக்கம் நியாயம் என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். நான் மகள் கட்சி.