தலைக்கவசத்துக்கு ஒரு வருடம் பாக்கி

செருப்பைக் கழற்ற வேண்டாம், அப்படியே வாங்க. சத்தம் மட்டும் போடாதீங்க. யாராவது கேட்டால் தண்ணீர் கேன் போட வந்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். கலிஃபோர்னியாவில் இர்வைன் நகரம், பிளிஸார்ட் என்டர்டெயின்மென்ட் என்ற கணினி விளையாட்டு நிறுவனத்தின் வளாகம். வந்திருப்பது கற்பனையில்தான். ஆனால் கையில் இருப்பது கள்ளச்சாவி இல்லை. இங்கே வேலை பார்த்தவர்கள் மேடைகளிலும் பேட்டிகளிலும் தாங்களாகவே சொன்ன கதைகள், விளையாட்டுகளுக்குள்ளேயே ஒளித்துவைத்த குறும்புகள், இவற்றை உருக்கி வார்த்த சாவி. பல வருடமாக இந்த வீட்டுச் சுவரில் காதை ஒட்டவைத்துக்கொண்டு நின்ற எனக்கு இன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒருவரைத் தேடித்தான் வந்திருக்கிறோம். 2021 ஏப்ரல் 20 அன்று, 19 வருடம் உழைத்த இந்த வீட்டிலிருந்து கிளம்பிவிட்ட ஜெஃப் காப்லன். வோர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் விளையாட்டில் சாதாரண குவெஸ்ட் எழுத்தாளராக நுழைந்து இயக்குநர் நாற்காலி வரை போனவர், பிறகு ஓவர்வாட்ச் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டைப் பெற்றெடுத்தவர். ரசிகர்கள் வைத்த பெயர் 'பாப்பா ஜெஃப்'. நம் வாய்க்கு ஜெஃப் அப்பா.

முற்றத்தில் நிற்கிறது பாருங்க, அண்ணாந்து பாருங்க. ஓநாய் மேல் உட்கார்ந்து கோடாரி ஓங்கிய, வார்கிராஃப்டின் ஆர்க் இன வீரன். பன்னிரண்டு அடி வெண்கலம். நம்மூர் எல்லையில் குதிரை மேல் மீசை முறுக்கி உட்கார்ந்திருக்கும் ஐயனார் ஞாபகம் எனக்கு வந்தது, உங்களுக்கும் வந்திருக்கும். காவல் தெய்வத்தைச் சுற்றித் தரையில் எட்டுத் திசைக்கும் எட்டு வாசகம் பதித்திருக்கிறார்கள், இந்த நிறுவனத்தின் கொள்கைகளாம். விளையாட்டுதான் முதலில் என்று ஒன்று. உனக்குள் இருக்கும் பித்துக்குளியை அணைத்துக்கொள் என்கிற பொருளில் இன்னொன்று. எந்த ஆபீஸ் வாசலில் இப்படி எழுதிப் போட்டுப் பார்த்திருக்கிறீர்கள்?

உள்ளே வந்ததும் மேசைகளுக்குப் பின்னால் பாருங்க. வாள்! பொம்மை வாள் இல்லை, கனமான வாள். இங்கே நீண்டகாலப் பணிக்குக் கைக்கடிகாரம் தரமாட்டார்கள். இரண்டு வருடம் தாக்குப்பிடித்தால் பெரிய பீர் கோப்பை. ஐந்து வருடத்துக்கு வாள், பத்துக்குக் கேடயம், பதினைந்துக்கு மோதிரம். இருபது வருடம் முடித்தால் போர்வீரன் தலைக்கவசம். கூட்டங்களுக்கு வாளோடு வரலாமா என்று கேட்கத் தோன்றுகிறது, கேட்காமல் நகர்வோம். கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 19 வருடம். தலைக்கவசத்துக்கு இன்னும் ஒன்று பாக்கி.

சரி, இந்த மனிதர் எப்படி உள்ளே வந்தார்? வசை பாடித்தான் வந்தார். நிஜமாகத்தான் சொல்கிறேன். நியூயார்க்கில் படைப்பெழுத்து முதுகலை படித்துவிட்டு, எழுதிய கதைகளையெல்லாம் பத்திரிகைகளுக்கு அனுப்பி, அவையெல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்து, நொந்துபோய் உட்கார்ந்தவர் எவர்க்வெஸ்ட் என்ற ஆன்லைன் விளையாட்டில் விழுந்துவிட்டார். அங்கே அவர் பெயர் டிகோல். முழுப்பெயர் இன்னும் கொஞ்சம் நீளம், அதை எழுதினால் ஆசிரியர் என்னை வெளியே தள்ளிவிடுவார். அவருடைய அணி 'லெகசி ஆஃப் ஸ்டீல்'. எவர்க்வெஸ்டில் ஏதாவது ஒரு சண்டை சரியில்லை என்றால் அதை வடிவமைத்தவர்களைக் கிழி கிழியென்று கிழித்து எழுதுவார். காது கூசும் மொழி, ஆனால் எங்கே ஓட்டை என்பதைத் துல்லியமாகக் காட்டும் எழுத்து.

அந்த அணித் தலைவர் யார் தெரியுமா? ராப் பார்டோ. பகலில் பிளிஸார்டில் விளையாட்டு வடிவமைப்பாளர், இரவில் டிகோலோடு டிராகன் வேட்டை. ஒருநாள் அவர், சாப்பிட வாயேன் என்று கூப்பிட்டார். போனார், சாப்பிட்டார், விளையாட்டுகளைப் பற்றி வாய் ஓயாமல் பேசினார். மறுபடி கூப்பிட்டார்கள், மறுபடி வேறு சில முகங்கள், மறுபடி சாப்பாடு. பிற்பாடுதான் சொன்னார்களாம், அதெல்லாம் வேலைக்கான நேர்காணல் என்று. பெண் பார்க்க வந்தது தெரியாமல் பஜ்ஜி பரிமாறிக்கொண்டிருந்த பெண் மாதிரி நம் ஆள். 2002-ல் சேர்ந்துவிட்டார்.

இந்தப் பக்கம் வாங்க, இதுதான் எனக்குப் பிடித்த அறை. அறை என்றால் என் கற்பனையின் தாராளம். ஆரம்பத்தில் குவெஸ்ட் எழுத இரண்டே பேர்தான். காப்லனும் பேட் நேகலும். வார்கிராஃப்ட் உலகத்தில் தலைக்கு மேல் மஞ்சள் ஆச்சரியக்குறியோடு ஒருவர் நிற்பார். கிட்டே போனால், 'ஓநாய் தொல்லை தாங்கலை, எட்டு ஓநாயைக் கொன்றுவிட்டு வா' என்பார். கொன்றுவிட்டு வந்தால் காசும் கையுறையும் தருவார். இதுதான் குவெஸ்ட். முதலில் போட்ட திட்டப்படி ஆரம்ப ஊர்களில் மட்டும் இப்படிக் கை பிடித்து நடத்திவிட்டு, பிறகு ஆட்டக்காரர்கள் தாங்களே எதையாவது வெட்டிப் பிழைத்துக்கொள்வார்கள் என்று நினைத்திருந்தார்கள். உள்ளேயே ஆடிப் பார்க்கச் சொன்னார்கள். ஆச்சரியக்குறிகள் தீர்ந்த எல்லையைத் தாண்டியதும் ஆடியவர்கள் முகம் சுருங்கிவிட்டது. விளையாட்டு கெட்டுப்போச்சு, என்ன செய்வதென்றே தெரியவில்லை என்றார்கள்.

முதல் பந்திக்கு மட்டும் உலை வைத்த சமையல்காரரிடம், ஊரே சாப்பிட வருகிறது என்று சொன்னால் எப்படி இருக்கும்! கண்டம் முழுக்க, கடைசிப் படி வரைக்கும் குவெஸ்ட் எழுதியாக வேண்டும். ஆளெடுத்தார்கள், எழுதினார்கள், 2004 நவம்பர் 23 அன்று விளையாட்டு வெளியானது. வியர்வைக்கு நடுவே குறும்புக்கும் நேரம் இருந்திருக்கிறது. டஸ்ட்வாலோ சதுப்பில் தனியாக உட்கார்ந்து தூண்டில் போடும் மீனவன் பெயர் நேட் பேகல். பேட் நேகலின் முதலெழுத்துகளை இடம் மாற்றிப் போட்டால் அவன்தான். பாலைவனப் பந்தயத் திடலில் விற்ற ஸ்ட்ராபெரி ஐஸ்கிரீமின் பெயரில் 'டிகூல்' என்று ஒரு சொல் வரும். நம் டிகோலேதான். கோடிக்கணக்கான குழந்தைகள் அப்பா பெயரைத் தெரியாமலேயே அந்த ஐஸ்கிரீமை வாங்கித் தின்றிருக்கிறார்கள் என்று சொல்ல ஆசை. கோடி என்பது என் ஆசை மட்டும்.

அந்தச் சுவர்ப் பக்கம் போகாதீங்க, அங்கேதான் ஜெஃப் அப்பாவின் பாவம் புதைந்திருக்கிறது. ஸ்ட்ராங்கிள்தார்ன் என்ற காட்டில் ஹெமெட் நெசிங்வாரி என்று ஒரு வேட்டைக்காரர். எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் எர்னெஸ்ட் ஹெமிங்வே! படைப்பெழுத்து படித்தவர்கள் சும்மா இருப்பார்களா? நெசிங்வாரி எழுதிய புத்தகத்தின் பக்கங்கள் காடெங்கும் சிதறிவிட்டன, பொறுக்கிக் கொண்டுவா என்பது குவெஸ்ட். கேட்க இனிமை. ஆடிப் பார்த்தவர்களுக்கு நரகம். கொன்ற மிருகமெல்லாம் ஒரு பக்கத்தைத் துப்பும். ஒரே பக்கம் நாலு தடவை வரும், தேவையான பக்கம் வரவே வராது. முதுகுப்பையில் இருப்பது பதினாறு இடம், அத்தனையும் காகிதம். பழைய பேப்பர்காரர் வந்தால் நிறுத்துப் போட்டுவிடலாம் போலிருக்கும்.

இதை எழுதிய மகானுபாவன் யார் என்று உலகமே திட்டிக்கொண்டிருந்தபோது, 2009-ல் சான் ஃபிரான்சிஸ்கோ விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டு மேடையில் காப்லன் தானே ஏறி, அந்தக் கழிசடை நான்தான் என்று ஒப்புக்கொண்டார். இன்னும் காரமாகத்தான் சொன்னார், நான் தணித்திருக்கிறேன். ஒரு காலத்தில் மற்றவர்களைக் கிழித்தாரே, அதே கத்தரிக்கோல். இந்த முறை தன் சட்டை. அதே மேடையில் இன்னொரு ரகசியமும் கொட்டினார். குவெஸ்ட் எழுதுபவர்களுக்கு அப்போது இந்த வீட்டில் 511 எழுத்துதான் அனுமதி. அதற்கு மேல் ஓர் அரைப்புள்ளிகூடக் கிடையாது. விளையாட்டுக்குள் நாவல் எழுதாதீர்கள், யாரும் படிப்பதில்லை என்று சொன்னவர், கதைகள் திரும்பி வந்து நொந்த எழுத்தாளர் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, லேசாக என்னவோவும் செய்கிறது.

அடுத்த அறையில் விளக்கைப் போட வேண்டாம். டைட்டன். 2007-ல் உருவாக்கத் தொடங்கிய பிரம்மாண்டமான ஆன்லைன் உலகம், 140 பேர், பல வருட உழைப்பு. 2013-ல் மூடிவிட்டார்கள். இயக்கியவர் காப்லன்தான். எல்லா வகையிலும் தோற்றோம் என்று பிற்பாடு அவரே சொன்னார், மழுப்பவில்லை. பெரும்பாலானவர்கள் வேறு அணிகளுக்குப் போய்விட, மிஞ்சியவர்கள் சுமார் 40 பேர். அவர்களுக்குக் கிடைத்த கெடு ஆறு வாரம். புதிதாக ஏதாவது கொண்டுவாருங்கள், இல்லையென்றால் நீங்களும் கலைந்துபோங்கள்.

கல்யாணம் நின்றுபோன வீட்டில் மீந்த காய்கறி என்ன செய்யும்? கூட்டாகும். ஜெஃப் குட்மேன் என்ற வடிவமைப்பாளர், ஆறேழு பெரிய பாத்திர வகுப்புகளுக்குப் பதிலாக ஆளுக்கொரு வித்தை மட்டும் தெரிந்த ஐம்பது பேர் இருந்தால் எப்படி இருக்கும் என்று பேசிக்கொண்டிருந்தார். ஆர்னால்ட் சாங் வரைந்த ஆட்களின் படங்கள் கண்ணைப் பறித்துக்கொண்டிருந்தன. காப்லன் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். டைட்டனில் செத்துப்போன 'ஜம்பர்' என்ற வகுப்பின் வித்தைகளை எடுத்து, சாங் வரைந்த ஒரு பெண்ணுக்கு மாட்டினார். டிரேசர் பிறந்தாள். நொடியில் மறைந்து நொடியில் தோன்றும் அந்தக் குறும்புக்காரி இன்றைக்கு ஓவர்வாட்சின் முகம்.

பிறந்தபோது அவள் கையில் துப்பாக்கி இல்லை, அதுதான் வேடிக்கை. துப்பாக்கியைச் செய்து முடிக்கவில்லை. ஆனால் சுட்டுப் பார்க்க வேண்டுமே! கண்ணிலிருந்து லேசர் பாயும்படி வைத்துவிட்டார்கள். முக்கண்ணனுக்காவது ஒரு கண்ணில்தான் நெருப்பு, இவளுக்கு இரண்டிலும். அந்தப் பாதி வெந்த நிலையிலேயே ஆடிப் பார்த்தவர்களுக்குச் சுவை தட்டிவிட்டது. 2014 நவம்பரில் அனஹைம் மேடையில் ஓவர்வாட்ச் அறிவிப்பு, 2016 மே 24 அன்று 21 நாயகர்களோடு வெளியீடு, அந்த வருடத்தின் சிறந்த விளையாட்டு என்ற விருதும் வந்து உட்கார்ந்துகொண்டது.

இதோ இந்தக் கேமரா முன்னால்தான் காப்லன் உட்காருவார். 'ஓவர்வாட்ச் அணியிலிருந்து ஜெஃப்' என்று கைகளை முன்னால் விரித்து விரித்து, எந்த நாயகனை மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று விளக்குவார். மேக்கப் போட்ட விளம்பரப் பேச்சு இல்லை, பக்கத்து வீட்டு மாமா மின்வெட்டுக்குக் காரணம் சொல்வது போன்ற பேச்சு. ரசிகர்கள் அந்தப் பேச்சைச் சொல் சொல்லாக வெட்டி ஒட்டி, அவர் உளறுவது போன்ற வீடியோக்கள் தயாரிப்பார்கள். அதைப் பார்த்து அவர் அணியே விழுந்து விழுந்து சிரிக்கும்.

2017 டிசம்பரில் உச்சம். கணப்பில் கட்டை எரிவதை மணிக்கணக்கில் ஒளிபரப்புவது அமெரிக்கக் கிறிஸ்துமஸ் வழக்கம், 1966-ல் நியூயார்க் தொலைக்காட்சி ஒன்று தொடங்கியது. ஜெஃப் அப்பா கணப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நேரலை. பேசவில்லை. புது நாயகன் அறிவிப்பா, வரைபடமா என்று ஆயிரக்கணக்கானவர்கள் காத்திருந்தார்கள். அவர் கேமராவைப் பார்த்தார். கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். மறுபடி பார்த்தார். மணிக்கணக்கில் அவ்வளவேதான். மௌன குரு! நான் அதை ஒரு மணிநேரம் பார்த்தேன் என்று வீட்டில் சொல்ல முடியவில்லை.

கடைசி அறை காலி. 2021 ஏப்ரல், தொற்றுக் காலம், ஊரே வீட்டிலிருந்து வேலை பார்த்த நேரம். இரண்டு மாதம் முன்புதான், பிப்ரவரியில், ஓவர்வாட்ச் 2 தயாராகும் விதத்தை உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தார். அது 2022 அக்டோபரில் வெளியானபோது நாற்காலியில் இருந்தவர் ஏரன் கெல்லர். நடுவில் வந்தது காப்லன் விடைபெற்ற ஒரு சிறு கடிதம். பார்த்தீர்களா, ஆங்கிலத்தில் வாக்கியத் தொடக்கத்துக்குக்கூடப் பெரிய எழுத்து போடவில்லை, சாட்டில் தட்டுவது போல. ஆட்டத்தின் நடுவே ஷிஃப்ட் பொத்தானைத் தேட யாருக்கு நேரம் இருக்கிறது? 19 வருடம், உலகங்களையும் நாயகர்களையும் படைக்கக் கிடைத்த வாய்ப்பு, கூட உழைத்தவர்களுக்கு நன்றி. ஏறத்தாழ ஒரு குவெஸ்ட் அளவுதான் நீளம்.

அடியில், பெயருக்கு முன்னால் ஒரு ஜி.ஜி. நல்ல ஆட்டம் என்று அர்த்தம். சுற்று முடிந்ததும் ஜெயித்தவனும் தோற்றவனும் தட்டிவிட்டுப் போவது. டிகோலும் இதைத் தட்டாமல் ஒரு நாளும் தூங்கப் போயிருக்க மாட்டார்.

கிளம்பலாமா? நீங்க முன்னால போங்க, கதவை நான் சாத்திக்கிறேன். அந்த வாளைத் தொட்டுப் பார்த்தீங்கதானே? நானும்தான்.