பழைய கணினி விண்டோஸ் 11ஐ ஏன் ஏற்க மறுக்கிறது?

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தபின், மலேசியாவின் ஈப்போவிலாயினும் சுங்கை சிப்புட்டிலாயினும், பழைய கணினியில் விண்டோஸ் 11ஐ நிறுவ முயல்வோர் தொடக்கத்திலேயே தடுக்கப்படுவது ஏன்?

பேராக் ரப்பர்த் தோட்டங்களில் பெரட்டு என்னும் விடியற்காலைக் கூட்டத்தில் ஆள் கணக்கு எடுத்த பின்னரே தொழிலாளர் மர நிரைக்கு அனுப்பப்பட்டதுபோல, நிறுவுநிரலும் கோப்புகளை நகலெடுக்குமுன் கணினியின் உறுப்புகளைக் கணக்கெடுக்கிறது. 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம், ஏற்கப்பட்ட செயலி, மறைகுறித் திறவுகோல்களைத் தனியே காக்கும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி ஆகியவற்றுள் ஒன்று குறைந்தாலும் பணி நின்றுவிடும்.

இவற்றுள் டிபிஎம் பல கணினிகளில் இருந்தாலும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும் என்பதால், முதலில் பார்க்கவேண்டிய இடம் பயாஸ் அமைப்புத் திரையே.

செயலியின் குறைக்கோ அத்தகைய எளிய மருந்து இல்லை: கணக்கெடுப்பைக் குறுக்குவழியில் தாண்டினாலும், பாப்கவுண்ட் என்னும் கட்டளையை அறியாத மிகப் பழைய செயலிகளில் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு இயங்கவே தொடங்காது.