அளவுக்கு மிஞ்சிய நீச்சல்

"இன்னும் ஒரு வேளை அதிகமாக நீந்தினால் நம் பையன் முதலாவதாக வந்துவிடுவான்" என்று நம்பும் பெற்றோர்கள் பலர். இந்த நம்பிக்கையைப் பரீக்ஷித்துப் பார்த்தவர், அமெரிக்காவில் இண்டியானா மாகாணத்துப் பால் ஸ்டேட் ஸர்வகலாசாலையைச் சேர்ந்த தேக தத்துவ நிபுணர் டேவிட் காஸ்டில்.

அவரும் அவருடைய சகாக்களும் நீச்சல் பயிலும் கலாசாலை மாணவர்களை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் தினம் ஒரு வேளை, ஒன்றரை மணி நேரம் நீந்தினர். மற்றவர்கள் 6 வார காலம் தினம் இரு வேளை நீந்தினர். முன்னவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 5,000 மீட்டர். பின்னவர்களுக்கு ஏறக்குறைய அதில் இரு மடங்கு. 1991-இல் வெளியான முடிவு என்ன தெரியுமா? பலத்திலோ, தாங்கும் சக்தியிலோ இரு வேளைக்காரர்கள் முந்தவில்லை. குறுந்தூர வேகம் அவர்களுக்குக் குறைந்தே போயிற்று!

100 மீட்டர் பந்தயம் ஏறக்குறைய ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. மணிக்கணக்காக மெதுவாக நீந்துவது அந்த வேகத்துக்குப் பயிற்சியாகாது. மேலும், உழைத்த தசை வலுப்பெறுவது ஓய்வின்போதுதான். ஓய்வு குன்றினால் தூக்கம் கெடும், பசி மந்திக்கும், அடிக்கடி ஜலதோஷம் பிடிக்கும், வேகமும் தளரும். அப்போது பிள்ளையைச் 'சோம்பேறி' என்று கடிந்து மேலும் விரட்டுவது பெரும் பிசகு.

பரீக்ஷைக்கு முன் இரவெல்லாம் கண் விழித்துப் படித்துவிட்டு, கேள்வித்தாளைக் கண்டதும் திகைக்கும் மாணவர்களை வருஷந்தோறும் வகுப்பில் பார்க்கிறேன். நீச்சல் குளத்திலும் நடப்பது அதுவே. பையன் எவ்வளவு தூரம் நீந்தினான் என்று விசாரிக்கும் பெற்றோர்கள், எவ்வளவு நேரம் தூங்கினான் என்பதையும் விசாரிப்பார்களாக!